குறைக்காமல் விட்ட கால் சுற்று

பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு நஞ்சுண்டன் குனிந்து நின்றார். ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்து வர்ஷினி படுத்திருந்தாள். அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான். அவருடைய பழைய மாருதியின் அலாரத்தில் அதுவரை கதவுகளுக்கு மட்டுமே சுவிட்ச் இருந்தது. அன்று பானெட்டுக்கு ஒரு சுவிட்சும், அதிர்வை உணரும் சென்சார் ஒன்றும் கூடுதலாக மாட்டினார்கள்.

காரணம் கொடுமுடியில் நடந்த திருட்டு. ஆடிப்பெருக்கன்று காவிரியில் முழுகிவிட்டு வருவதற்குள் யாரோ பானெட்டைத் திறந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நஞ்சுண்டனோ அன்னூரில் இருபத்தெட்டு வருடமாகக் கார் எலக்ட்ரீஷியன். எதிர்வீட்டு லட்சுமணசாமி சும்மா விடுவாரா?

"ஏனுங்கண்ணா, ஊருக்கெல்லாம் அலாரம் மாட்டறீங்க. உங்க வண்டிக்கு மட்டும் சாமியக் காவல் வெச்சுப்போட்டீங்களாட்ட?"

எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தவர் நஞ்சுண்டன்தான்.

வயரின் தோலைப் பல்லால் உரிக்கிறவர் அவர். முன்பல் ஒன்று அதனாலேயே ஓரம் தேய்ந்திருந்தது. மகள் வாங்கித் தந்த மல்டிமீட்டர் பெட்டியைவிட்டு வெளியே வந்ததில்லை. கரண்ட் வருகிறதா என்று பார்க்க ஒரு பல்பும் இரண்டு வயரும் அவருக்குப் போதும். வர்ஷினிக்குப் பெங்களூரில் சென்சார்களுக்கு அளவு வைப்பதே வேலை. ஆகவே சென்சாரை அவளிடம் விட்டுவிட்டார். அதில் சின்னத் திருகு ஒன்று இருந்தது. வலப்பக்கம் திருப்பத் திருப்ப, சிறு அசைவுக்கும் கத்தும். அவள் கடைசிவரை திருப்பிவைத்தாள்.

"அம்மணி, ஒரு கால் சுத்து கொறைச்சு வையி. தண்ணி லாரி போனாக்கூடக் கத்தும்."

"கத்தட்டும்ப்பா. கத்தறதுக்குத்தான மாட்டறோம்?"

"செரி, படிச்சவ சொல்ற," என்று பானெட்டை மூடினார்.

காலையில் வண்டியை எடுக்கும்முன் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டுவது அவர் பழக்கம். தோட்டத்தில் மாடுகளைத் தட்டிக்கொடுத்து வளர்ந்த கை. மறுநாள் தட்டினார், அலாரம் கத்தியதில் தெருவே கதவைத் திறந்து பார்த்தது.

"கண்ணு, நம்ம வண்டி எனக்கு குட்மார்னிங் சொல்லுது!" என்று பெங்களூர் திரும்பிவிட்ட மகளுக்குப் போன் செய்தார். அதன்பிறகு ரிமோட்டை அமுக்கி அலாரத்தை நிறுத்தாமல், வேண்டுமென்றே தட்டினார். நாலைந்து நாளில் தெருவில் யாரும் எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

"காதுக்குள்ள வந்து கத்துதுங்கண்ணா," என்றார் லட்சுமணசாமி.

"ஞாயித்துக்கெழம கொறைச்சுப்போடறேனுங்க."

இரண்டு ஞாயிறு போயிற்று. மகள் வைத்த அளவில் கை வைக்க அவருக்கு மனசு வரவில்லை என்று வர்ஷினியின் அம்மா முத்தாத்தாள் பிறகு சொன்னாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டி கத்தியது. ஓய்ந்தது. மறுபடி இரண்டு முறை கத்தியது. முத்தாத்தாள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். இருபது நிமிடம் கழித்து, தோசை ஆறுகிறதே என்று வெளியே வந்தாள். நஞ்சுண்டன் முன்சக்கரத்தருகே கிடந்தார். ஒரு கை பம்பர்மேல் இருந்தது. உயிர் இல்லை.

"மூணு வாட்டி கத்துச்சு அம்மணி," என்றார் கேதத்துக்கு வந்த லட்சுமணசாமி. "மூணாவது வாட்டி, அண்ணன் இன்னைக்கு ரொம்பத்தான் வெளையாடறாருன்னு சிரிச்சுப்போட்டேன்." துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நாந்தான் எட்டிப் பாக்கல," என்று முத்தாத்தாள் வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். திருகைக் கடைசிவரை திருப்பியது யார் என்று வர்ஷினி யாரிடமும் சொல்லவில்லை. சென்சார் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. கால் சுற்றுக் குறைத்திருந்தால் தினமும் கத்தியிருக்காது. அன்று கத்தியதும் ஓடிவந்திருப்பார்கள். அல்லது அந்தத் தளர்ந்த கைக்கு அது கத்தாமலே போயிருக்கும். எந்த அளவில் வைத்திருந்தால் அப்பா பிழைத்திருப்பார் என்று அவளால் கணக்கிட முடியவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் ஸ்குரூடிரைவரோடு வண்டியருகே போனாள். ரிமோட்டை அமுக்குவதற்குள் தெருவில் தண்ணீர் லாரி ஒன்று போனது. வண்டி கத்தியது. லட்சுமணசாமி செருப்பில்லாமல் ஓடிவந்தார். பக்கத்து மாடியிலிருந்து ஒருவர் இறங்கினார். தோசைக் கரண்டியோடு முத்தாத்தாள் வாசலுக்கு வந்துவிட்டாள். நான்கு பேரும் முன்சக்கரத்தருகே பார்த்தார்கள். சத்தம் தானாக ஓய்ந்த பிறகும் யாரும் உள்ளே போகவில்லை.

லட்சுமணசாமி அவள் கையைப் பார்த்தார். "இன்னைக்கே கொறைக்கோணுமா அம்மணி?"

வர்ஷினி ஸ்குரூடிரைவரை டேஷ்போர்டுப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். அப்பா குறைப்பதாகச் சொன்ன கால் சுற்று இன்னும் குறைக்கப்படவில்லை.