அக்காவின் வளவில் எடுத்த சேறு

நான் சேறு பார்க்கிறவன். கடலோரத்து வாவிக்கரையில் குழாயை இறக்கி, படிந்த சேற்றை அடுக்குக் குலையாமல் எடுத்து, முந்திய காலங்களில் கடல் எதுவரை ஏறி நின்றது என்று இரசாயனத்தை வைத்துக் கண்டுபிடிப்பது என் தொழில். கடல்நீர் நின்ற சேற்றில் கந்தகம் கூடுதலாக இருக்கும். சிப்பித்தூள் கிடந்தால் அமிலம் விட்டதும் நுரைக்கும். ஊரில் இதையெல்லாம் ஒரு வேலை என்று எவரும் எடுப்பதில்லை. "அவ்வளவு படிச்சும் சேத்துக்கதான் நிக்கிறான்" என்பார்கள்.

அக்கா மட்டும் நம்பினாள். எங்கள் பெரியகல்லாற்றில்தான் அவள் இருந்தாள். மகளுக்குக் கல்யாணம் பேசியாயிற்று. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பது. அக்காவிடம் இருந்தது வாவிப் பக்கத்து வெறுங்காணி வளவு ஒன்றுதான். சுனாமியன்று அந்தப் பிள்ளையின் சட்டையைப் பல்லால் கடித்துக்கொண்டு தென்னையைக் கட்டிப்பிடித்துத் தப்பியவள் அவள். அதற்குப் பிறகு காற்று கொஞ்சம் பலமாக வீசினாலும் இரவில் எழும்பிக் குந்திவிடுவாள்.

"நீ சேறு பாக்கிற ஆள்தானே தம்பி. இந்த வளவுக்குள்ள கடல் முந்தியும் வந்ததா எண்டு பாத்துச் சொல்லு. பிறகுதான் அத்திவாரம் வெட்டுவன்" என்றாள்.

வளவில் குழாயை இறக்கினேன். மழை தூறத் தொடங்கியது. கொண்டுபோக வசதியாக, குழாயை அவசரமாக அறுப்புவாளால் இரண்டாக அறுத்து, ஒவ்வொரு பாதியிலும் மேல் முனை எதுவென்று எழுதினேன். ஆய்வுகூடத்தில் திறந்தபோது மேல்பாதியில் சுனாமி மணல் இருந்தது. அது தெரிந்த கதை. அதற்குக் கீழே வெறும் வாவிச்சேறு. கீழ்ப்பாதியின் கடைசி முனையில்தான் மறுபடி மணலும் சிப்பியும் கந்தகமும். அப்படியென்றால் அதற்கு முன் கடல் வந்தது வெகுகாலத்துக்கு முந்தி. ஒரேயொரு குழாயை நம்பி வாய் திறக்கக் கூடாது என்று மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவன் நான். ஊருக்குத்தான் உபதேசம். அன்றே அக்காவுக்குப் போன் எடுத்து, "பயப்படாத அக்கா, கட்டு" என்றேன்.

இரண்டு கிழமை கழித்து, வெறுங்குழாய்களைக் கழுவ எடுத்தேன். கீழ்ப்பாதியில் 'மேல்' என்று நான் எழுதியிருந்த முனை விரலை வெட்டிவிட்டது. சேற்றுக்குள் இலகுவாக இறங்கட்டும் என்று அரத்தால் ராவிக் கூராக்கிய முனை அது. நிலத்துக்குள் முதலில் போனது. அதற்கு மேல் என்று எப்படிப் பெயர் வரும்?

 பாதிக் குழாயைத் தலைகீழாக வைத்து வாசித்திருக்கிறேன். அடியாழத்தில் என்று நான் நினைத்த கடல்மணல், உண்மையில் மேல்பாதியை ஒட்டியே கிடந்திருக்கிறது. கடல் வந்துபோனது அப்படியொன்றும் பழைய காலத்தில் அல்ல. விரலில் இரத்தம் சொட்டச் சொட்ட நின்றேன். சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றும் ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்புத்தான் என்னைக் கூடுதலாகப் பயப்படுத்தியது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். 

நான் போய்ச் சேர்ந்தபோது சுவர் இடுப்பளவுக்கு எழும்பியிருந்தது. அக்கா மேசன்மாருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீ கட்டு எண்டு சொன்ன நாளையில இருந்துதான் தம்பி நான் விடியுமட்டும் நித்திரை கொள்றன்" என்றாள்.

பிறகு வளவின் நடுவில் போய் நின்றாள். கிழக்கே கடல் இரைவது கேட்டது. மேற்கே வேலிக்கு அப்பால் வாவி. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"சரி. அப்ப எந்த இடத்தில கட்டுறது? அதைச் சொல்லு."

கடலுக்கும் வாவிக்கும் நடுவே, ஊரின் அகலம் முழுக்கக் குழாய் இறக்கி, எங்கும் கடல்மணல் கண்டவன் நான். கையை நீட்டிக் காட்ட எனக்கு ஓர் இடமும் இருக்கவில்லை.