முழங்காலுக்குத் துள்ளிய கோடு

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவரைக் குளிர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இரும்புத் தொட்டியில் திரவ ஹீலியம் நிரப்புவது அவர் வேலை. தொட்டிக்குள் ஒரு தகடு தொங்கும். நன்றாகக் குளிர்ந்தால் அது மீக்கடத்தி ஆகிவிடும். மின்சாரம் தடங்கலே இல்லாமல் ஓடும். எங்கோ நட்சத்திரங்கள் மோதும்போது கிளம்புகிற ஈர்ப்பு அலை அந்தத் தகட்டைக் கொஞ்சமாவது அசைக்குமா என்று பார்ப்பதுதான் பேராசிரியரின் பல வருஷக் கனவு.

“வானத்துல அலை அடிக்குதோ இல்லையோ, உன் கைதான் விறைச்சுப் போகுது” என்று வீட்டுக்காரர் கேலி பண்ணுவார்.

“கடவுள் படைச்சதைத்தானே தேடுறாங்க, தேடட்டுமே” என்பார் அக்கா.

அன்றுதான் தகடு முதல்முறையாக முழுசாகக் குளிர்ந்திருந்தது. மேலிடத்திலிருந்து ஓர் அம்மா பார்க்க வந்திருந்தார். கருவி உதவாது என்று அவர் சொல்லிவிட்டால் கூடத்தையே மூடிவிடுவார்கள். அளக்கும்போது யாரும் நடக்கக்கூடாது, இருமக்கூடாது. எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். தகட்டின் அசைவைக் காட்டும் கோடு திரையில் அசைவேனா என்று கிடந்தது. பேராசிரியரின் முகம் தொங்கிப் போயிற்று.

பக்கத்து அறையிலிருந்து கண்ணாடி வழியே அதைப் பார்த்த அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. “ஆண்டவா, இவர் பாடு வீணாகக்கூடாது” என்று தொப்பென்று முழங்காலிட்டார்.

கோடு துள்ளியது.

“வந்துடுச்சு!” என்று அலறினார் பேராசிரியர். அக்கா பதறி எழுந்தார். கோடு மறுபடி துள்ளியது.

வந்த அம்மா கண்ணாடிப் பக்கம் திரும்பினார். “சார், அது வானம் இல்ல. அந்த அக்காவோட முட்டி.”

அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. “மன்னிச்சுடுங்கம்மா. அசையக்கூடாதுன்னு தெரியும், மனசு தாங்கல.”

“நேத்தும் இங்கதான் முட்டி போட்டு வேண்டிக்கிட்டீங்களா?”

“தினமும் இங்கதாம்மா.”

பேராசிரியர் ஓடிப்போய் நேற்றைய பதிவைத் திரையில் போட்டார். தகடு சரியாகக் குளிராத அந்த நாளில் கோடு அசையவே இல்லை.

அந்த அம்மா சிரித்தார். “அலை வரல. ஆனா குளிர்ந்தா இதுக்குக் காது கேக்குது. முதல்ல தரை வழியா வர்ற ஆட்டத்தை அடக்குங்க. இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம்.”

அவர் போனதும் பேராசிரியர் தயங்கித் தயங்கிக் கேட்டார். “அக்கா, நாளைக்குப் பத்து மணிக்கு இதே இடத்துல வேண்டிக்குவீங்களா? கோடு மறுபடி துள்ளுதான்னு ஒத்துப் பார்க்கணும்.”

“மணி பார்த்து வேண்டறதெல்லாம் எனக்கு வராது சார். முட்டி மட்டும் போடறேன்” என்று சொல்லிவிட்டு அக்கா கையுறையை மாட்டினார்.