இடது கைப்பிடியில் கட்டிய கயிறு

மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால், இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒருவர் இறங்கித் தள்ளியே ஆக வேண்டிய சந்தில் இருக்கிறது எங்கள் அச்சகம். உள்ளே அச்சடிக்க ஒரு டிரெடில் மெஷின், பேப்பர் வெட்ட ஒரு கட்டிங் மெஷின், என் மாமனார், என் கணவர், அப்புறம் நான். வயதில் மூத்தது கட்டிங் மெஷின். பிடிவாதத்தில் மூத்தது எது என்று மட்டும் இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

மாம்பலத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தார்கள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகு. வளையலைக் கழற்று. பின்னலைத் தூக்கிக் கொண்டை போடு. டிரெடில் வாயைத் திறக்கும்போது காகிதத்தை வை, மூடுவதற்குள் கையை எடு, நடுவில் பராக்குப் பார்க்காதே. எல்லாம் நியாயம்தான். வகுப்பு எடுத்தவர் என் மாமனார். அவருடைய இடது கையில் மூன்று விரல்தான். மீதி இரண்டையும் கட்டிங் மெஷின் அவருடைய வாலிபத்திலேயே வாங்கிக்கொண்டது.

வேறு வீடாக இருந்தால் இதை நினைத்து வருத்தப்படுவார்கள். எங்கள் வீட்டில் இது வீரக்கதை. கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் உட்கார்ந்து மாதிரி பார்ப்பதற்குள் மாமனார் கையை நீட்டிவிடுவார். "பேப்பரோட பேப்பரா போச்சு சார். வலியே தெர்ல. துணியைச் சுத்திக்கினு, ஆர்டரை முடிச்சுக் குடுத்துட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கே போனேன்." வந்தவர்களும் மரியாதைக்கு ஆஹா என்பார்கள். பெண்ணுக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்த இடத்தில் இது தேவையா? யார் கேட்பது!

சந்தில் மற்ற அச்சகக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. ஒருவருக்குப் பாதிக் கட்டைவிரல், இன்னொருவருக்குச் சுண்டுவிரல் நுனி. டீக்கடையில் கூடிவிட்டால் ஆளாளுக்குக் கையை நீட்டி மெடல் காட்டுவார்கள். பத்து விரலும் பத்திரமாக இருக்கும் என் கணவர் அங்கே வாயே திறக்க மாட்டார். பாவம், காட்டுவதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை.

மாமனாரின் விரல் போனபிறகுதான் மெக்கானிக்கைக் கூப்பிட்டு மெஷினுக்கு இரண்டாவது கைப்பிடி வைத்தார்கள். வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் கத்தி இறங்கும். இரண்டு கையும் கைப்பிடியில் இருக்கும்போது விரல் எப்படிக் கத்திக்கு அடியில் போகும்? அவ்வளவுதான் சூட்சுமம். அந்த இடது கைப்பிடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

போன வருஷம் ஆயுத பூஜை வந்தது. மெஷின்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை படைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை. அப்புறம் என் கணவர் கோயிலில் இருந்து கொண்டுவந்த சிவப்புக் கயிற்றில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கோத்து, கட்டிங் மெஷினின் இடது கைப்பிடியில் கட்டினார். காற்றில் ஆடக்கூடாதாம். அதனால் கைப்பிடியைக் கீழே அழுத்தி, கயிற்றை மெஷினின் இரும்புக் காலோடு சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டார். எதற்கு? மெஷினால் யாருக்கும் ஆபத்து வரக்கூடாது என்பதற்கு!

மறுநாள் விஜயதசமிக்கு மெஷினைப் போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. இடது கைப்பிடி ஏற்கெனவே அழுந்தியே இருப்பதால் வலது கை ஒன்று போதும், கத்தி இறங்கிவிடுகிறது.

"இன்னாம்மே, பாத்தியா! வேலை எம்மாம் சுளுவா கீது!" என்று என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை.

"முதல்ல அந்தக் கயிறை அவுருங்க" என்றேன்.

அவர் பேசுவதற்குள் மாமனார் நாற்காலியில் இருந்து குரல் கொடுத்தார். "சாமி கயிறும்மா அது. கை வைக்கக் கூடாது. தானா அறுந்து வியணும்."

தானாக அறுந்து விழ அது என்ன நூலா? லாரியில் மூட்டை கட்டலாம், அவ்வளவு கெட்டி. நானே கத்தரிக்கோலை எடுத்திருப்பேன். ஆனால் நான் அறுத்த மறுநாள் யாருக்காவது ஜுரம் வந்தால்கூட என் தலையில்தான் விடியும். அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். வயிற்றெரிச்சல் மட்டும் மூடவில்லை.

தீபாவளி நெருங்கியது. தி. நகர் ஜவுளிக்கடைகளுக்குப் புடவையில் கோக்கும் டேக் அட்டைகளை நாங்கள்தான் அடித்து வெட்டிக் கொடுக்கிறோம். அந்தச் சமயத்தில் ரங்கநாதன் தெருவில் இருக்கிற நெரிசல் முழுக்க எங்கள் போனுக்குள் வந்துவிடும். என் கணவருடைய இடது கைக்கு இப்போது வேலை இல்லையா, அது ஊர் சுற்ற ஆரம்பித்தது. டீ கிளாஸைப் பிடித்தது. போனைப் பிடித்தது. முதுகைச் சொறிந்தது. கடைசியில் கத்திக்கு அடியில் பேப்பரைத் தட்டிச் சரிசெய்யவும் போனது. ஒவ்வொரு தடவையும் "ஏங்க, கை!" என்பேன். "தெரியும்மே, நீ உன் வேலையைப் பாரு" என்பார். என் தலைப்பு மட்டும் ஒரு இஞ்ச் நழுவினால் போதும், அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து பதறுவார்கள்.

அன்றைக்கு மழை. நான் டிரெடிலில் பேப்பர் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜவுளிக்கடையில் இருந்து மறுபடி போன். என் கணவர் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, "ஆச்சு சார், கட் பண்ணிக்கினே கீறேன், ஆள் அனுப்புங்க" என்று வலது கையால் கைப்பிடியை அழுத்தினார். அடுக்கில் ஒரு அட்டை துருத்திக்கொண்டிருந்தது போலிருக்கிறது. இடது கை தன்னிஷ்டத்துக்கு அதைத் தள்ளப் போனது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. கத்தி இறங்கிவிட்டது. போன் கீழே விழுந்து, அதற்குள் இருந்து "சார், சார்" என்று குரல் வந்துகொண்டிருந்தது.

ஓடிப்போய் அந்தக் கையைப் பிடுங்கிப் பார்த்தேன். ஆள்காட்டி விரலில் நகம் மட்டும், வளர்ந்திருந்த ஓரம் மட்டும், வழித்த மாதிரி போயிருந்தது. ரத்தம் இல்லை. ஒரு அரிசி அகலம் தள்ளியிருந்தால் மெடல் கிடைத்திருக்கும். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இந்த மனுஷன் முகம் சுண்ணாம்பாக வெளுத்து நிற்கிறார். அந்த நிலையில் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"பாத்தியா... சாமி கயிறு காப்பாத்திச்சு."

அடப்பாவி! அந்த நிமிஷம் மெஷினைவிட எனக்கு இவர்மேல்தான் ஆத்திரம். ஏதாவது சொல்லியிருப்பேன், சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மாமனார் எழுந்து வந்துவிட்டார். பிள்ளையின் இடது கையைத் தன் மூன்று விரல் கையில் வாங்கினார். கட்டைவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாகத் தொட்டு, நுனியை அமுக்கி, அடுத்ததற்குப் போனார். சுண்டுவிரல் வந்ததும் மறுபடி கட்டைவிரலுக்குத் திரும்பினார்.

"இன்னா நைனா, ஒண்ணும் இல்லை, நகம்தான்" என்றார் இவர்.

"வலிக்கும்டா" என்றார் மாமனார். "ரொம்ப வலிக்கும். நான் சொல்லிக்கினு திரிஞ்சது எல்லாம் உடான்ஸு. ஆர்டராவது ஒண்ணாவது. ரோட்ல உக்காந்து எங்கம்மாவைக் கூப்ட்டு அழுதேன்டா நான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷமாக எத்தனை பேரிடம் ஆஹா வாங்கியவர்! ஒருவரிடமாவது இதைச் சொல்லியிருந்தால்?

பிள்ளையின் கையை விடாமலே என் பக்கம் திரும்பினார். "அறுத்துடும்மா."

கத்தரிக்கோல் சரிப்படவில்லை. பேப்பர் கத்தியை வைத்து அறுத்தேன். காய்ந்து கறுத்த எலுமிச்சம்பழம் உருண்டு மெஷினுக்கு அடியில் போனது. இடது கைப்பிடி டக்கென்று மேலே எழும்பியது. கயிற்றைக் குப்பையில் போட மாமனாருக்கு மனசு வரவில்லை. சரி, சாமி கயிறுதானே, காப்பாற்ற வேண்டியதைக் காப்பாற்றட்டும் என்று என் கணவரின் இடது மணிக்கட்டில் நானே சுற்றி முடிச்சுப் போட்டேன். கொஞ்சம் இறுக்கமாகவே போட்டேன்.

மாமனார் இப்போது யாரிடமும் கையை நீட்டுவதில்லை. அந்த வேலையை மகன் எடுத்துக்கொண்டார். டீக்கடையில் இப்போது அவருக்கும் ஒரு கதை இருக்கிறது. கயிற்றின் மகிமையாம். மனைவி கத்தியது, நகம் போனது, கயிறு அதற்குமுன் எங்கே கட்டியிருந்தது என்பதெல்லாம் அதில் வராது. கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருந்தாலும் சும்மா இருக்கிறேன். கதை சொல்லும்போது அந்த இடது கையைத் தூக்கி, ஐந்து விரலையும் விரித்துக் காட்டித்தான் சொல்கிறார்.