ரயிலுக்கு முன்பக்கம் எது?

போன திங்கட்கிழமை காட்பாடி ஸ்டேஷனில் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்தேன். மனதில் ஒரே கேள்வி. ரயிலுக்கு முன்பக்கம் எது?

சிரிக்காதீர்கள். நடந்ததைக் கேளுங்கள்.

என் மனைவி எஸ்தர் கல்யாணத்துக்கு முன்பு ஆம்பூரில் ஷூ கம்பெனி தையல் மெஷினில் உட்கார்ந்தவள். மகள் பிறந்ததும் விட்டுவிட்டாள். இப்போது மகள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட, இவளுக்கு மறுபடியும் வேலை ஆசை. அன்றைக்கு ஆம்பூரிலேயே ஒரு கம்பெனியில் டெஸ்ட். கறுப்புத் தோலில் கறுப்பு நூலால் தைத்துக் காட்ட வேண்டும். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு அது லேசுப்பட்ட காரியமா?

அவள் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் போன்.

"ஏங்க, கண்ணாடிய வீட்லயே வுட்டுட்டு வந்துட்டேன். ரயில்ல ஏறிட்டேன், கிளம்ப இன்னும் நேரம் இருக்குது, ஆனா இறங்குனா சீட்டு போய்டும். கொண்டாந்துடுங்க. டிரைவர் ரூமை ஒட்டுன பொட்டியில இருக்கேன்."

ஸ்கூட்டரை விரட்டினேன். பிளாட்பார டிக்கெட் எடுத்தேன், நம்புங்கள். அங்கே நின்றது மெமு — ஊருக்கு ஊர் நின்று போகும் கரண்ட் ரயில். தனியாக எஞ்ஜின் கிடையாது. இந்தக் கோடியிலும் டிரைவர் ரூம், அந்தக் கோடியிலும் டிரைவர் ரூம். நடுவில் நான்!

டீ விற்பவரைக் கேட்டேன். "அண்ணே, இதுல முன்னாடி எது?"

"நீ எங்க போற சார்? ஆம்பூர்னா அந்தக் கோடி. அரக்கோணம்னா இந்தக் கோடி."

ஆம்பூர் கோடிக்கு ஓடினேன். முதல் பெட்டியில் எல்லா முகமும் இருந்தது, எஸ்தர் முகம் மட்டும் இல்லை. போன் போட்டேன்.

"எங்க இருக்கே?"

"டிரைவர் ரூம் பக்கத்துல. நீங்க?"

"நானும் டிரைவர் ரூம் பக்கத்துலதான்!"

"இன்னாங்க பேஜாரா இருக்குது... டிரைவர் இதோ நிக்கிறாரே. கையில பச்சைக் கொடி கூட வெச்சிருக்காரு."

பச்சைக் கொடியா?

"அடியே, அது டிரைவர் இல்ல, கார்டு! நீ கடைசிப் பொட்டியில இருக்கே!"

சொல்லி முடிக்கவில்லை, ரயில் நகர்ந்துவிட்டது. பின்பக்கம் பார்த்து நாலு எட்டு ஓடினேன். அப்புறம்தான் உறைத்தது... நான் ஏன் ஓட வேண்டும்? முன்கோடியில் நிற்பவனைக் கடந்துதானே கடைசிப் பெட்டி போயாக வேண்டும்?

நின்றேன். பெட்டி பெட்டியாகக் கடந்தது. கரண்ட் ரயில் எடுத்த எடுப்பிலேயே வேகம் பிடிக்கிறது. கடைசிப் பெட்டியின் ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு கை. கண்ணாடிக் கூட்டை அதில் திணித்தேனா, அதுவே பிடுங்கிக்கொண்டதா, இன்றுவரை தெரியாது.

மத்தியானம் போன் வந்தது. "எடுத்துக்கிட்டாங்க... நாளைக்கே வரச் சொல்றாங்க." குரல் உடைந்திருந்தது. இத்தனை வருஷம் இந்த ஆசையை எங்கே வைத்திருந்தாள்?

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "இனிமே டிரைவர் ரூம் கதையெல்லாம் வேணாம். கடைசிப் பொட்டின்னு சொல்லு, போதும்."

செருப்பைக் கழற்றியபடியே சொன்னாள். "திரும்பி வர்றப்ப அதாங்க முதல் பொட்டி!"

தலை சுற்றியது. ஆனால் சந்தோஷமாகச் சுற்றியது.