சொல்லாமல் வந்தவன்

தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியின் கொரோனா வார்டில் பதினோரு நாள் ஆக்சிஜனில் கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் முத்துப்பேட்டைப் பக்கத்து இறால் வியாபாரி ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணே, தம்பி என்று பழகி, போன் எண்ணையும் மாற்றிக்கொண்டோம். மூன்றாம் நாள் தூக்கத்தில் என் மாஸ்க் நழுவியபோது, தன் மூச்சுக்கே திண்டாடிக்கொண்டிருந்த மனிதர் கட்டில் கம்பியைத் தட்டித் தட்டி நர்ஸை வரவழைத்தார். அவர் தட்டாமல் இருந்திருந்தால் நான் இல்லை.

எங்கள் ஊரில் எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் 'போயிட்டு வரேன்' என்று சொல்லிவிட்டுத்தான் வாசல் தாண்டுவோம். சாவு வீட்டில் மட்டும் சொல்லாமல் எழுந்து வருவோம். ஆஸ்பத்திரியிலும் அந்த வார்த்தைக்குப் பயம் உண்டு. மறுபடி வர யாருக்கு ஆசை?

எனக்கு டிஸ்சார்ஜ் சொன்ன அன்று காலையில் அண்ணனுக்கு ஆக்சிஜன் அளவு இறங்கிவிட்டது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக் குப்புறப் படுத்திருந்தார். தோளைத் தொட்டு, 'நான் வீட்டுக்குப் போறேன்ணே, நீங்களும் வந்துடுவீங்க' என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் அவர் கட்டிலைச் சுற்றி வெளியே வந்தேன். இவர் பிழைக்கமாட்டார், இவருடைய சாவு என்மேல் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தேன். அந்த மகராசன் உயிரோடு இருக்கும்போதே சாவு வீட்டிலிருந்து வருவதுபோல வந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு நான் மனிதனாக இல்லை. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. குறுவை நடவுக்கு ஊரே அலைகிறது, என் உரக்கடையில் கூட்டம். நானோ விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். எண் தொண்ணூற்றெட்டைக் காட்டினாலும் நம்பமாட்டேன். விரலை மாற்றிப் பார்ப்பேன். ஒருநாள் கடைக்குப் போனேன். யூரியா வாங்க வந்தவர் இருமினார். பின்பக்கக் கதவு வழியாக வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். அதற்கப்புறம் கடையை என் மனைவிதான் திறந்தாள். கேட்டவர்களிடம் 'அவருக்கு அசதி இன்னும் தீரலீங்க' என்றாள். மனநல டாக்டரிடம் போகலாம் என்று அவள் சொன்னபோது, 'என்னைப் பைத்தியம்னு ஊருக்குத் தண்டோரா போடப்போறியா?' என்று சோற்றுத் தட்டைத் தள்ளினேன். தூக்கமில்லை என்பதைவிட அது வெளியே தெரிந்துவிடுமோ என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

இதற்கு நடுவில் அண்ணனுடைய எண்ணிலிருந்து நாலைந்து தடவை போன் வந்தது. அவர் வீட்டார் சாவுச் செய்தி சொல்லக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து எடுக்கவேயில்லை. ஆடி மாதம் ஒரு மத்தியானம் என் மனைவி எடுத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அவர் இங்கதாங்க இருக்கார்" என்று சொல்லி, போனை என் கையில் திணித்தாள்.

அண்ணன்தான் பேசினார். "தம்பி, நீங்களா? வீட்டம்மாகிட்ட துக்கம் கேக்கலாம்னு போட்டேன்."

அன்று அவர் திரும்பிப் பார்த்தபோது என் கட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தார்களாம். அந்த வார்டில் காலிக் கட்டிலுக்கு எங்களுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். நர்ஸிடம் கேட்கவும் பயம். தேறி வீட்டுக்குப் போய்ப் போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. "தம்பி சொல்லாம போற ஆள் இல்லியேன்னு நெனச்சேன். கண்ண மூடுனா அந்தக் கட்டில்தான். தூங்கி ரெண்டு மாசமாச்சு. நீங்க எப்படி இருக்கீங்க? தூங்குறீங்களா?"

வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மன்னிப்புக் கேட்கவேண்டிய வாய் என்ன சொன்னது தெரியுமா?

"நான் நல்லா தூங்குறேண்ணே. கடைக்கெல்லாம் போறேன்."

மெல்ல, "அப்ப எனக்குத்தான் மனசு கெட்டுப்போச்சு போல" என்றார்.

இரண்டாவது தடவையாக அவரைத் தனியே விட்டேன். இந்தத் தடவை செருப்புகூடக் கையில் இல்லை. என் மனைவி என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அவளிடம் நான் கண்டதில்லை. போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பொய் சொல்றாருங்க. ஒரு பொட்டுத் தூக்கமில்ல. கடைக்கும் போறதில்ல. யாராச்சும் இருமினா ஓடிப்போயிடுறார்."

சொல்லிவிட்டு ஸ்பீக்கரைப் போட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணன் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று முதலில் புரியவில்லை.

"அப்படியாம்மா?" என்றார். "ரொம்ப சந்தோஷம்மா."