நான்கு நாள் ஓடிய தட்டு

இசைத்தட்டுக் கடைக்காரருக்கு அந்தத் தெருவில் இரண்டு பெயர்கள். முகத்துக்கு நேரே 'தட்டுக்காரர்'. முதுகுக்குப் பின்னால், இந்த மூன்று மாதமாக, 'கல்லுளிமங்கன்'. இரண்டாவது பெயரை வைத்தது அவருடைய மனைவியின் தங்கை. அக்காவின் உடலை எடுத்துக்கொண்டு போன அன்று எல்லாரும் அழுதார்கள், பக்கத்து மருந்துக்கடைக்காரர்கூட அழுதார். இவர் மட்டும் வந்தவர்களை வாங்க, உட்காருங்க என்று உபசரித்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் கூடவே வாழ்ந்தவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையே என்று தங்கை நாலு பேர் காதில் விழும்படி சொன்னாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பெயர் நிலைத்துவிட்டது. அவளும் அதற்குப் பிறகு கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அழுகை வரும், வரும் என்று அவரும்தான் காத்திருந்தார். வரவில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கினார், மாலையில் இறக்கினார், நடுவில் பசியில்லாமல் சாப்பிட்டார். பல் பிடுங்க மருந்து போட்ட ஈறு மாதிரி ஆள் மொத்தமும் மரத்துப் போயிருந்தது. கிள்ளினால் கிள்ளியது தெரியும், வலிக்காது.

அந்தக் கடையில் அவர் வாய், அவர் மனைவி காது. வந்தவரிடம் சிரித்துப் பேசி விற்பது அவர் வேலை. எதை வரவழைப்பது என்று தீர்மானிப்பது அவள். புதிதாகப் பெட்டி வந்தால் அதில் ஒன்றைப் பிரித்து, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை கேட்ட பிறகுதான் மற்றவை அலமாரிக்குப் போகும். அது அவள் போட்ட சட்டம். பழைய பாட்டுகளை மறுபடி அச்சிடுகிற கம்பெனிக்காரர்கள் உறைக்குச் செய்கிற சிங்காரத்தில் கால்வாசிகூடப் பாட்டுக்குச் செய்வதில்லை என்பது அவளுடைய கட்சி. பாதிக்குப் பாதி அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை ஒரு பெட்டி வந்தது. பத்து மாதத்துக்கு முன்னால் அவள் கேட்டு எழுதியது. நாற்பது வருஷம் எங்குமே கிடைக்காமல் இருந்த ஒரு பாடகியின் தொகுப்பு, இப்போதுதான் மறுபதிப்பாக வருகிறது. அக்காவும் தங்கையும் சின்ன வயதில் ஒரே கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு கேட்டுக் கேட்டுத் தேய்த்த தட்டு. வீடு மாறும்போது உடைந்து போனது. ஆர்டர் தாளின் நகலில் 'பன்னிரண்டு. ஒன்று தங்கச்சிக்கு' என்று அவள் கையெழுத்தில் இருந்தது.

இவர் தங்கையை ஃபோனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறேன் என்றாள். உட்கார மாட்டாள் என்று அதற்கு அர்த்தம். இந்தத் தட்டும் கைக்குப் போய்விட்டால் அவள் இந்தப் படி ஏறுவதற்கு வேறு காரணம் இல்லை. மனைவி வழியில் அவருக்கு மிச்சமிருந்த உறவு அவள் ஒருத்திதான். அதுவும் அறுந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்ததே தவிர, பதறவில்லை.

சட்டப்படி ஒன்றைப் பிரித்தார். பழைய பதிப்பில் ஒரே தட்டாக இருந்தது, இதில் இரண்டாக வந்திருந்தது. ஊசியை வைத்தார். நாலு பக்கத்தையும் கேட்டார். கீறல் இல்லை, இரைச்சல் இல்லை, குறை சொல்ல ஒன்றுமில்லை. மற்றவற்றை அலமாரியில் அடுக்கினார். அதை மட்டும், எடுத்து மாற்றத் தோன்றாமல், நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். மறுநாளும் அதேதான். புதன்கிழமை பிளேயருக்கு ஊசி வாங்க வந்த பஸ் டிரைவர், யார் இந்த ஆம்பிளைக் குரல், நல்ல கனமாக இருக்கிறதே என்று விசாரித்தார். இவர் உறையை எடுத்து நீட்டினார். அதில் நீளக் காதணி போட்ட ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். டிரைவர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு ஊசியோடு கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை மதியம் தங்கை வந்தாள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. அவர் தட்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். அவள் வாசல் பக்கம் பார்த்தபடி நின்றவள், மெல்லத் திரும்பினாள்.

"மாமா, என்ன ஓடுது இது?"

"அதான்மா. உங்க பாட்டு."

கேலி செய்கிறார் என்று நினைத்து அவள் முகம் சிவந்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் கேலி இல்லை, எதுவுமே இல்லை. விறுவிறுவென்று பிளேயரிடம் போய் ஊசியைத் தூக்கினாள், தட்டின் நடுவில் ஒட்டியிருந்த லேபிளைக் குனிந்து படித்தாள்.

தரத்தைக் கூட்டுகிறேன் என்று கம்பெனி ஒரு தட்டை இரண்டாக்கி, வேகத்தையும் மாற்றியிருந்தது. நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று சுற்ற வேண்டிய தட்டு. அவருடைய பழகின கை பழைய தட்டுக்கு வைப்பது மாதிரி முப்பத்து மூன்றிலேயே விட்டிருந்தது. யானைக்கும் அடி சறுக்கும். எந்தக் கடைக்காரருக்கும் இது நடக்கும், ஆனால் பத்து நொடியில் தலையில் அடித்துக்கொண்டு மாற்றிவிடுவார். இங்கே நாலு நாளாக ஒரு பெண் ஆண் குரலில், தூக்கக் கலக்கத்தில் இழுப்பது போல இழுத்து இழுத்துப் பாடியிருக்கிறாள். ஆயுசில் பாதியை இந்தத் தொழிலில் கழித்த மனிதர், சரியாகத்தான் இருக்கிறது என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

"நெஜமாவே உங்களுக்குத் தெரியலையா?"

"எல்லாமே இப்படித்தாம்மா கேக்குது," என்றார். "நீ பேசறதுகூட."

அவள் வேகக் குமிழைத் திருப்பி ஊசியை வைத்தாள். அக்காவும் தங்கையும் கேட்ட குரல் அதே இளமையோடு வந்தது. "இப்போ?" என்று கேட்டாள்.

அவர் உண்மையாகவே கவனித்துக் கேட்டுப் பார்த்தார். "இப்போ சரியா இருக்கு. வித்தியாசம் தெரியுது," என்றார். "ஆனா எனக்கு ஒண்ணுமே ஆகலம்மா."

அவள் அப்படியே காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். என்னென்னவோ பேசிவிட்டேனே மாமா என்று ஏதோ ஆரம்பித்து, முடிக்க முடியாமல் வாய்விட்டு அழுதாள். தோள் குலுங்கியது, மூக்கு ஒழுகியது, யார் பார்த்தால் என்ன என்று குழந்தை அழுகிற மாதிரி அழுதாள்.

அவர் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இவளுக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்று நினைத்தார். நெஞ்சுக்குள் எங்கோ சுருக்கென்றது. என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பொறாமை. மூன்று மாதத்தில் அவருக்கு முதன்முதலாக வந்த உணர்ச்சி அதுதான். அதையும் விட்டுவிடக் கூடாதென்று, பாட்டு முடிந்து தட்டு வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தபோதும் அவர் அசையாமல் நின்றார்.