காடுசார் நிலம்

காட்டைப் பற்றி ஏழு வருஷம் எழுதியவன் நான். காட்டுக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. கொழும்பில், வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ரயில், கோட்டையிலிருந்து புதுக்கடைப் பக்கம் நடை, பிறகு மேசை, பின்னேரம் அதே வழியால் திரும்பி வருவது. ரயிலுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வீட்டு மதில்கள். நான் கண்ட மரமெல்லாம் தென்னைதான்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முந்திய கதை இது. அரசாங்கக் கந்தோர் ஒன்றில் தமிழ் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். ஊவா மலைகளில் கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கத் தொடங்குமுன், காட்டுத் தீயைத் தடுக்கும் அறிவித்தல் இங்கிலீஷில் எங்கள் அறைக்கு வரும். அதை நான் தமிழாக்குவேன். பக்கத்து மேசைக்காரர் சிங்களமாக்குவார். காட்டோரத்தில் புல்லைச் செதுக்கித் தீத்தடை வெட்டுங்கள், சேனைப் பயிருக்காகக் காட்டை எரிக்குமுன் ஊர் விதானைக்கு அறிவியுங்கள், தேன் எடுக்கப் போனால் பந்தத்தை அணைத்துவிட்டு வாருங்கள், சுருட்டுத் துண்டை மிதித்துவிட்டுப் போங்கள். எல்லாம் நல்ல புத்திமதிதான். ஆனால் எத்தனை வருஷத்துக்கு ஒரே புத்திமதி! நான் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தேன், மலை பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. மூன்றாவது வருஷத்தோடு எனக்கு அலுத்துவிட்டது. அலுப்பைப் போக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். தமிழை அழகாக எழுதுவது.

வந்த வினை அதுதான்.

இங்கிலீஷ் அறிவித்தலில் இரண்டு இடம் சொல்லியிருந்தது. அரசாங்கத்துக்குச் சொந்தமான காடு ஒன்று. அதை ஒட்டி மலைச்சரிவில் கிடக்கும் புல்வெளி மற்றொன்று. அந்தப் புல்வெளிக்குச் சிங்களத்தில் 'பத்தன' என்று பெயர். இங்கிலீஷ்காரனும் அதையே எடுத்து வைத்துக்கொண்டான். இரண்டு இடத்திலும் யாரும் தீ வைக்கக்கூடாது, வைத்தால் மறியல், அதாவது சிறை. நான் எழுதினேன்: முடிக்குரிய காடுகளிலும் காடுசார் நிலங்களிலும். எழுதிவிட்டு இரண்டு தரம் வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். முல்லைத் திணைக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த விளக்கத்தின் வாசனை அதில் அடித்தது. எனக்கு அப்படி ஒரு திருப்தி.

அச்சுக்கூடத்திலிருந்து தாள்களை வாங்கி வந்து, எண்ணிக் கட்டி, தபாலில் சேர்ப்பது எங்கள் பியோனின் வேலை. என் வயதுதான் இருக்கும். ஊவாவில் தேயிலைத் தோட்டமொன்றில் கூலியாட்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன்; கொட்டாஞ்சேனையில் ஒரு அறை எடுத்துக் குடும்பத்தோடு இருந்தான். கையில் எந்தத் தமிழ்த் தாள் அகப்பட்டாலும் உதட்டை அசைத்து வாசிப்பான். எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல். கட்டச் சொன்னால் கட்ட வேண்டியதுதானே!

"ஐயா, முடிக்குரிய காடுன்னா என்னாங்க?" என்று கேட்டான்.

"அரசாங்கத்தின்ர காடு. முடி எண்டால் ராசாவின்ர கிரீடம்."

"எங்க பக்கம் முடின்னா தலைமுடிங்க."

அறை கொல்லென்று சிரித்தது. பக்கத்து மேசைக்காரருக்கு யாரோ அதைச் சிங்களத்தில் சொல்ல, அவர் தன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு, "அப்ப என்ட காடு போய் நாள் ஆச்சு மல்லி" என்று சிங்களத்தில் தம்பி முறை வைத்துச் சொன்னார். எனக்குக் காதெல்லாம் சூடேறிவிட்டது. அவன் அத்தோடு விட்டிருக்கலாம்.

"அப்ப இந்தக் காடுசார் நெலம்னா?"

"பத்தனை."

"அப்ப பத்தனைன்னே போட்டுறலாமேங்க. எங்க ஆளுங்க அப்புடித்தான் சொல்லுவாங்க. காடு வேற, பத்தனை வேறங்க. காட்டுல வெறகு, பத்தனையில புல்லு."

"அது சிங்களச் சொல்லடா. நான் தமிழில எழுதுறனான். உன்ர வேலை கட்டுறது. கட்டு."

"சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டுக் கட்டினான். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த ஒரு பியோன் திருத்திச் சொன்ன சொல்லை நான் போடுவதா என்ற நினைப்புத்தான் என் மண்டைக்குள் நின்றது. சீ, இப்போது எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

அந்த வருஷம் கச்சான் பலமாக அடித்தது. ஒரு காலை அவன் என் மேசைக்கு முன் வந்து நின்றான். கையில் தாள் இல்லை.

"ஐயா, எங்கண்ணன புடிச்சுட்டாங்க."

அவனுடைய தமையன் இன்னும் அந்தத் தோட்டத்திலேதான் வேலை செய்தான். லயத்தில் எழுத்து வாசிக்கத் தெரிந்த இரண்டு மூன்று பேரில் அவனும் ஒருவன். இந்தியாவிலிருந்து கடிதம் வந்தால் அவனிடம்தான் கொண்டுபோவார்களாம். காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துவிடும் பிரட்டுக்களத்தில் எங்கள் அறிவித்தலை ஒட்டியிருந்தார்கள். வாசித்துச் சொல்லென்று எல்லாரும் கேட்க, அவன் வாசித்திருக்கிறான். காடுசார் நிலம் என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். காட்டுக்கு உள்ளே கிடக்கும் நிலமாயிருக்கும் என்று சொல்லியிருக்கிறான். அப்போ பத்தனை? பத்தனையைப் பற்றி இதிலே ஒன்றும் போடவில்லை என்றிருக்கிறான்.

முற்றிய புல்லை மாடு தின்னாதாம். அதைக் கொளுத்திவிட்டால் முதல் மழைக்குக் குருத்து வரும். காலங்காலமாக அங்கே செய்வது. இதையும் நான் பிறகுதான் கேட்டறிந்தேன். தமையன் தன் மாட்டுக்காகப் புல்லைக் கொளுத்தியிருக்கிறான். கொளுத்துவதற்கு முன், அறிவித்தலில் சொன்னபடியே காட்டுப் பக்கமாகப் புல்லைச் செதுக்கித் தீத்தடையும் வெட்டியிருக்கிறான். காற்று தடையைத் தாண்டிவிட்டது. தோட்டத்துக்கு மேலேயிருந்த காட்டில் பாதி போயிற்று. அந்த லயங்களுக்குத் தண்ணீர் வந்ததும் அந்தக் காட்டு ஊற்றிலிருந்துதான். எரிந்தது சும்மா ஒரு காடு என்று நான் சொல்ல மாட்டேன்.

"விசாரணையில எழுதப் படிக்கத் தெரியுமான்னு கேட்டாங்களாம், தெரியும்னான். நோட்டீஸ வாசிச்சியான்னாங்களாம், வாசிச்சேன்னான். அது போதும்னுட்டாங்க. கூட நின்னவங்க ரெண்டு பேரும் கைநாட்டுங்க. விட்டுட்டாங்க."

"நான் என்ன செய்ய?"

"கோர்ட்டுல இருந்து ஐயாகிட்ட ஒரு காயிதம் வருமாம். இங்கிலீசுல உள்ளது அப்புடியே தமிழ்ல இருக்கான்னு கேட்டு. பத்தனைங்கிற சொல்லு தமிழ்ல இல்லன்னு ஒரு வரி எழுதுனீங்கன்னா போதுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

காகிதம் நான்காம் நாள் வந்தது. அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தவனும் அவன்தான். வைத்துவிட்டு வாசலோரம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தமிழ் அறிவித்தல் மூலத்தின் சரியான மொழிபெயர்ப்பு என்று அச்சிட்டிருந்தது. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. பக்கத்தில் குறிப்பு எழுத நான்கு விரல் அகலத்துக்கு வெற்றிடம். அந்த வெற்றிடம் என்னைப் பார்த்துக்கொண்டே கிடந்தது. அன்று நான் எழுதவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ரயிலேறினேன்.

அந்த வருஷம் உத்தியோக உயர்வுக்கு, மேல்வகுப்புக்கு, என் பெயர் போயிருந்தது. பிழை விட்டேன் என்று நானே எழுதிக் கொடுத்தால் பெயர் திரும்பி வந்துவிடும். இதை வீட்டில் மனைவிக்குச் சொன்னேன். அவள் அடுப்படியில் ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"பிழையோ சரியோ, அதைச் சொல்லுங்கோ முதல்ல" என்றாள்.

"காடுசார் நிலம் எண்டால் பத்தனையும் அதுக்குள்ள அடங்கும். சொல்லுக்குச் சொல் பார்த்தால் பிழை இல்லை."

"வாசிச்ச மனிசனுக்கு விளங்கேல்லையே."

"அது அவன்ர பிழை."

அவள் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கலியாணம் கட்டி ஒன்பது வருஷம். பிழை விட்டிட்டன் எண்டு உங்கட வாயால ஒருக்கா வந்து நான் கேட்டதில்லை. இப்ப மட்டும் வரப்போகுதோ? போய்க் கையைக் கழுவுங்கோ, சாப்பிட."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பியோன் என்னைத் திருத்துகிறான், பெண்டாட்டி என்னைத் திருத்துகிறாள், நான் என்ன கிள்ளுக்கீரையா? மறுநாள் கந்தோருக்குப் போன கையோடு அந்தத் தாளின் கோட்டுக்கு மேல் கையெழுத்துப் போட்டேன். வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டேன். மேல்வகுப்புக்குப் பயந்துதான் அப்படிச் செய்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மற்றப் பாதி வெறும் வீம்பு.

தாளை எடுத்துப் போக அவன் வந்தான். மடிப்பதற்கு முன் பார்த்தான். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்த இடம் வெறுமையாகக் கிடந்ததைப் பார்க்க இங்கிலீஷ் வேண்டாமே. என்னைப் பார்க்காமல் மடித்து உறையில் இட்டு ஒட்டினான்.

தமையனுக்கு ஆறு மாதம் மறியல். தோட்டத்தில் பெயரை வெட்டிவிட்டார்கள். பெயர் வெட்டினால் லயத்தில் இருக்க முடியாது. பெண்சாதியும் இரண்டு பெண் பிள்ளைகளும் மாட்டை விற்றுவிட்டுக் கொட்டாஞ்சேனைக்கு வந்து அந்த ஒரே அறையில் ஒடுங்கினார்கள். இதெல்லாம் அவன் எனக்குச் சொன்னதல்ல. அவன் என்னோடு வேலைக்கு வேண்டிய சொல்லுக்கு மேலே ஒரு சொல் கதைப்பதை நிறுத்திவிட்டான். பக்கத்து மேசைக்காரர் வாயால்தான் தெரிந்துகொண்டேன். அவருடைய சிங்கள அறிவித்தலில் 'பத்தன' என்று ஒரு சொல்லோடு வேலை முடிந்திருந்தது. அவர் அதை ஒருநாளும் குத்திக்காட்டவில்லை. நல்ல மனுஷன்.

எனக்கு மேல்வகுப்புக் கிடைத்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த வருஷம் அதே அறிவித்தல் வந்தது. பேனையை எடுத்தேன். காடுசார் நிலங்களிலும் என்பதை வெட்டிவிட்டு, பத்தனைகளிலும் என்று எழுதினேன். சரியாகப் பார்த்தால் இரண்டு நிமிஷ வேலை. முடிக்குரிய காட்டையும் அரசாங்கக் காடு ஆக்கினேன். யாரும் ஏனென்று கேட்கவில்லை. கீழே சுருட்டுத் துண்டு, தேன், தீத்தடை எல்லாம் பழையபடி இருந்தது. வாசித்துப் பார்த்தேன். அழகு ஒன்றும் இல்லை. தெருவில் நின்று ஒருவன் சத்தம்போட்டுச் சொல்வதைப் போல் இருந்தது.

அச்சுக்கூடத்திலிருந்து தாள்கள் வந்தன. பியோன் தரையில் குந்திக் கட்டத் தொடங்கினான். வழக்கம்போல உதடு அசைந்தது. ஒரு இடத்தில் நின்றது. நான் கோப்புக்குள் தலையைப் புதைத்துக்கொண்டேன். ஏதாவது சொல்வான், ஏசினாலும் ஏசட்டும் என்று காத்திருந்தேன். அப்படி ஏசியிருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும்.

"பத்தனைன்னு போட்டுட்டீங்க ஐயா" என்றான்.

"ஓம்."

"இதுல ஒண்ணு எடுத்துக்கவாங்க?"

"எடும். என்னத்துக்கு?"

ஒரு தாளை உருவி, மடிப்பு விழாமல் சுருட்டி, நூலால் கட்டினான்.

"அண்ணன்கிட்ட காட்டணுங்க, இந்தச் சொல்லு இப்பத்தான் வந்திருக்குன்னு. மறியல்ல இருந்து வந்ததுல இருந்து ஒரு எழுத்தக்கூட ஏறெடுத்துப் பாக்க மாட்டேங்குறான். கடுதாசி கொண்டாந்து குடுத்தா கைய இழுத்துக்கிறான். தமிழ் சரியாத்தான் இருக்குன்னு கோர்ட்டுல சொன்னாங்களாம். அப்ப நோட்டீஸ்ல பத்தனைன்னு போட்டுத்தான் இருந்துச்சாம், இவன்தான் வாசிக்கத் தெரியாம வாசிச்சு ஊரு காட்ட எரிச்சுட்டானாம். இன்னமும் அப்புடித்தாங்க நெனைச்சுக்கிட்டு இருக்கான்."